ஜெம் வளைவு பொருந்திவிட்டது: காந்த மீளிணைப்பு நிரலை இதற்கு மேல் எப்படிச் சோதிப்பது?

மண்டபம்_மாணவி

அனைவருக்கும் வணக்கம். எதிரெதிர்த் திசையில் செல்லும் காந்தப் புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையும் காந்த மீளிணைப்பு நிகழ்வைக் கணிப்பதற்காக, அயனிகளும் எலக்ட்ரான்களும் தனித்தனியே நகர்வதைக் கணக்கில் கொள்ளும் ஹால் உறுப்பைச் சேர்த்த இரு பரிமாணக் காந்தப் பாய்ம நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். ஹால் உறுப்பை அணைத்துவிட்டால் அது மின்தடைமை மட்டும் உள்ள சாதாரண எம்எச்டி (காந்தப் பாய்ம இயக்கவியல்) நிரலாக ஓடும். ஆய்வேட்டில் நிரலின் நம்பகத்தன்மைக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கியுள்ளேன். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பல வகை நிரல்களை ஒரே மீளிணைப்புக் கணக்கில் ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஜெம் சவாலின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். அரைத் தடிமன் அயனி நிலைம நீளத்தில் பாதியாக உள்ள ஹாரிஸ் மின்னோட்டத் தகடு, அதே நீள அலகில் 25.6-க்கு 12.8 அளவுள்ள பெட்டி, தகட்டின் உச்ச அடர்த்தியில் 0.2 பங்கான பின்னணி அடர்த்தி, ஒரு திசையில் சுழல் எல்லைகள் (ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும்), மறு திசையில் கடத்தும் சுவர்கள். மீளிணைந்த காந்தப் பாயம் (புலக் கோடுகளின் அளவு) நேரத்தோடு உயரும் வளைவை, வெளியான வளைவின் மேல் வைத்துப் பார்த்தபோது கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. பிரியோ-வூ அதிர்ச்சிக் குழாய், ஓர்சாக்-டாங் சுழல் என்னும் வழக்கமான சோதனைக் கணக்குகளும் புத்தகப் படங்களைப் போலவே வந்திருக்கின்றன. இவ்வளவு போதும் என்று எழுதிவிடலாமா, அல்லது தேர்வாளர் இன்னும் கேட்பதற்கு இடம் இருக்கிறதா?

தொண்டி_நிரலர்

தாராளமாக எழுதலாம். வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று சோதனைகளைக் காட்டிவிட்டு நேரே முடிவுகளுக்குச் சென்றுவிடுகின்றன. முனைவர் பட்டத்திற்கு உலகத் தரத்தை விஞ்ச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கீழக்கரையான்

தொண்டித் தம்பி சொல்லும் நடைமுறை உண்மைதான். ஆனால் அது போதுமானது என்பதை நான் ஏற்கவில்லை. ஜெம் வளைவு பொருந்துவது எதை நிரூபிக்கிறது என்பதை முதலில் நிதானமாகப் பார்ப்போம்.

அந்தச் சவால் புகழ் பெற்றதற்குக் காரணமே, அடிப்படையில் வேறுபட்ட நிரல்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தைத் தந்தன என்பதுதான். ஹால் நிரல், அயனிகளைத் துகள்களாகவும் எலக்ட்ரான்களைப் பாய்மமாகவும் கொள்ளும் கலப்பு நிரல், இரண்டையும் துகள்களாகவே கொள்ளும் முழுத் துகள் நிரல் ஆகியவை ஒரு பக்கம் திரண்டன. சீரான மின்தடைமை கொண்ட எம்எச்டி மட்டும் பின்தங்கிவிட்டது. புலக் கோடுகள் பிளாஸ்மாவோடு உறைந்திருக்கும் நிலையை மிகச் சிறிய அளவில் எது உடைக்கிறது என்பதில் இந்த நிரல்களுக்குள் உடன்பாடே கிடையாது. முழுத் துகள் நிரலில் அதைச் செய்வது எலக்ட்ரான் அழுத்தத் தொகுதியின் மூலைவிட்டம் சாராத உறுப்புகள். தங்கையின் நிரலில் அந்த உறுப்புகளே இல்லை. அப்படியிருந்தும் வேகம் ஒத்துப்போகிறது என்றால், சிதறல் எப்படி நடக்கிறது என்பதை இந்த வேகம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்று பொருள். எல்லாரும் தேர்ச்சி பெறும் தேர்வை வைத்துக்கொண்டு யாரையும் தரம் பிரிக்க முடியாது.

ஹால் உறுப்பு சரியாக எழுதப்பட்டிருப்பதற்குக்கூட இந்த வேகம் உறுதியான சான்றாகாது. 2005-இல் பெஸ்ஸோவும் பட்டாச்சார்ஜியும் எலக்ட்ரான்-பாசிட்ரான் பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு துகள் சிமுலேஷன் செய்தார்கள். இரு துகள்களின் நிறையும் சமம் என்பதால் அங்கே ஹால் உறுப்பு தானாகவே மறைந்துவிடுகிறது. இருந்தும் மீளிணைப்பு வேகமாகவே நடந்தது. 2017-இல் லியூ குழுவினர், ஆல்ஃபன் வேகத்தில் (காந்தப் புலமும் அடர்த்தியும் தீர்மானிக்கும் அலை வேகத்தில்) ஏறத்தாழ 0.1 பங்கு என்று வேகமான மீளிணைப்பில் வரும் அளவு பெருமளவுக்குப் புலத்தின் வடிவக் கட்டுப்பாட்டிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள்.

இதைவிடக் கவலை தரும் வாய்ப்பு ஒன்று உண்டு. மின்தடைமையை ஒரே இடத்தில் குவித்து வைத்தால், சாதாரண எம்எச்டியிலேயே பெட்செக் 1964-இல் வரைந்த வேகமான அமைப்பு கிடைக்கும். சீரான மின்தடைமையில் அது நிலைப்பதில்லை என்று 1986-இல் பிஸ்காம்ப் காட்டினார். இப்போது உங்கள் நிரலில் போலி அலைவுகள் எழாமல் தடுக்கும் சரிவு வரம்பி எங்கே விழித்துக்கொண்டு கணக்கை முதல் வரிசைத் துல்லியத்துக்கு இறக்குகிறது என்று பாருங்கள். சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில், அதாவது மின்னோட்டத் தகட்டின் நடுவிலேயே இறக்கும். அப்படியானால் கட்டத்தின் பிழையே, யாரும் எழுதாத ஒரு குவிந்த மின்தடைமையாக வேலை செய்யக்கூடும். விடை சரியாக இருக்கும். காரணம் தவறாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேகத்தை எந்த அலகில் சொல்கிறீர்கள்? ஜெம் பெட்டியில் பின்னணி அடர்த்தி, ஹாரிஸ் தகட்டின் உச்ச அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆல்ஃபன் வேகத்தை எந்த அடர்த்தியில் கணக்கிடுகிறீர்கள் என்பதை மாற்றினாலே விடை √5, அதாவது ஏறத்தாழ 2.24 மடங்கு மாறிவிடும். இரண்டு கட்டுரைகளில் 0.1 என்று அச்சாகியிருப்பதாலேயே இரண்டும் ஒரே அளவாகிவிடாது.

அரிச்சல்முனை

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். சிமுலேஷன் எனக்குத் தெரியாது. தனுஷ்கோடி முனையில் பெண் கடலும் ஆண் கடலும் இரண்டு பக்கமிருந்து வந்து சேருவதைக் காட்டித்தான் மாணவர்களுக்கு இந்த நிகழ்வை விளக்கி வந்தேன்: இரு பக்கமிருந்தும் வருகிறது, நடுவில் மோதுகிறது, பக்கவாட்டில் பீறிட்டு வெளியேறுகிறது. இந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழக்கரையான்

ஐயா, வந்து சேருவதும் பக்கவாட்டில் வெளியேறுவதும் என்ற அளவில் அது நன்றாகவே பொருந்துகிறது. நீரில் இல்லாத ஒன்று, நடுவில் அழிந்து வெப்பமாகவும் ஓட்டமாகவும் மாறும் புலம். அந்தப் புலம் அழிவதற்கு நடுத்தகடு மெல்லியதாக இருக்க வேண்டும்; உள்ளே வந்த பிளாஸ்மா முழுவதும் வெளியேறுவதற்கோ அது தடிமனாக இருக்க வேண்டும். இந்த இழுபறியைத்தான் 1950-களின் பிற்பகுதியில் ஸ்வீட்டும் பார்க்கரும் கணக்காக்கினார்கள். மின்தடைமையால் புலம் கரையும் நேரத்துக்கும் ஆல்ஃபன் அலை கடக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதம் லுண்ட்குவிஸ்ட் எண்; மின்தடைமை குறையக் குறைய அது ஏறும். மீளிணைப்பு வேகம் அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் இறங்கும். சூரியனின் கொரோனாவில் அந்த எண் 10¹² அல்லது அதற்கும் மேல். நிமிடங்களில் வெடித்து முடியும் சூரியப் பிழம்பு, இந்தக் கணக்கின்படி மாதக்கணக்கில் இழுத்தடிக்க வேண்டும். இயற்கையை விளக்குவதில் தோற்ற இந்தச் சூத்திரம், நிரலைச் சோதிப்பதற்கு மிகச் சிறந்த கருவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நவபாஷாணம்

கல்லூரியில் எண்முறைக் கணிதம் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு வேறு ஒரு குறை தெரிகிறது. மாணவி காட்டிய மூன்று சோதனைகளிலும் பிழை எவ்வளவு என்ற எண் ஒன்றுகூட இல்லை. ஓர்சாக்-டாங் சுழலுக்குத் துல்லியமான தீர்வே கிடையாது. ஆகவே படத்தைப் படத்தோடு ஒப்பிடுவதைத் தவிர அங்கே வேறு வழியில்லை. பிரியோ-வூ குழாயில் அதிர்ச்சி அலைகள் இருப்பதால், எவ்வளவு உயர்ந்த வரிசை நிரலாக இருந்தாலும் பிழை முதல் வரிசைக்கு மேல் குறையாது. இரண்டாம் வரிசை என்று பெருமையாக எழுதிய நிரலில் ஒரு குறியீடு தவறியிருந்தால், அதை இவை இரண்டும் காட்டிக் கொடுக்கமாட்டா.

தொடங்க வேண்டிய இடம், வட்ட முனைவாக்கம் பெற்ற ஆல்ஃபன் அலை. வீச்சு பெரிதாக இருந்தாலும் அது இலட்சிய எம்எச்டி சமன்பாடுகளின் துல்லியமான தீர்வாகவே நீடிக்கிறது. 2000-இல் டோத் பயன்படுத்தியதைப் போல, அலையைக் கட்டத்துக்கு 30 பாகை சாய்த்து ஓடவிடுங்கள். ஒரு முழுச் சுற்று முடிந்ததும் அலை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடுதான் பிழை. கட்டத்தை இரு மடங்கு நுணுக்கினால் அது நான்கில் ஒரு பங்காக வேண்டும். சாய்க்காமல் ஓட்டினால் குறுக்கு உறுப்புகள் உறங்கிக்கொண்டிருக்கும், அவற்றில் உள்ள பிழையும் சேர்ந்து உறங்கும்.

ஹால் உறுப்புக்குத் தனிச் சோதனை வேண்டும். புலத்துக்கு இணையாகச் செல்லும் சிறிய அலை இரண்டாகப் பிரியும்: விரைந்து செல்வது விசிலர் கிளை, பின்தங்குவது அயனிச் சுழல் கிளை. இரண்டின் அதிர்வெண்ணுக்கும் மூடிய சூத்திரம் இருக்கிறது. அலைநீளத்தை மாற்றி மாற்றி ஓட்டி, கிடைக்கும் புள்ளிகளை அந்தக் கோட்டின் மேல் இடுங்கள். விசிலர் அலையின் அதிர்வெண் அலை எண்ணின் வர்க்கமாக ஏறுவதால், வெளிப்படை முறையில் நேர அடியைக் கட்ட இடைவெளியின் வர்க்கத்தோடு குறைக்க வேண்டிவரும். கட்டத்தைப் பாதியாக்கிய பின்னும் நேர அடி பாதியாக மட்டும் குறைந்து, நிரல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் அமைதியாக ஓடுகிறது என்றால் மகிழ வேண்டாம். விசிலர் அலையை ஏதோ ஒன்று விழுங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லா உறுப்புகளையும் ஒருசேரச் சோதிக்க, தீர்வை முன்கூட்டியே நாமே வகுத்துக்கொண்டு, அது சமன்பாட்டை நிறைவு செய்யும்படி மூல உறுப்புகளைச் சேர்க்கும் முறையும் உண்டு. இயற்பியல் பொருள் இல்லாத தீர்வாக இருந்தாலும் கேடில்லை, கணிதம் பொய் சொல்லாது.

தொண்டி_நிரலர்

நவபாஷாணம் அக்கா சொல்லும் அலைகள் எல்லாம் வழுவழுப்பானவை. மாணவியின் கேள்வியோ கத்தி முனை போன்ற மின்னோட்டத் தகட்டைப் பற்றியது. அலையில் இரண்டாம் வரிசை கிடைத்துவிட்டதால் தகட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடுமா? கீழக்கரைக் காக்கா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கிடையில் என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன்; யாரும் இதை எழுதுவதில்லை. நிறுத்தித் தொடங்கும் சோதனை. கடற்காற்றின் உப்பு மின்கம்பப் பீங்கான்களில் படிந்து, பனி இறங்கும் பின்னிரவில் மின்சாரம் துண்டிக்கப்படுவது நம் கரையில் யாருக்கும் புதிதல்ல. அதனால் நீண்ட ஓட்டம் எதுவும் சேமிப்புக் கோப்பிலிருந்து ஒரு முறையாவது மீண்டும் தொடங்கியிருக்கும். நேரம் 0 முதல் 40 வரை ஒரே மூச்சில் ஓட்டுங்கள். பிறகு 20-இல் நிறுத்தி, கோப்பிலிருந்து தொடங்கி 40 வரை ஓட்டுங்கள். ஒரே கணினியில், ஒரே எண்ணிக்கையிலான செயலிகளில், இரண்டு முடிவுகளும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே உள்ள போலிக் கட்டங்களையோ முந்தைய அடியின் மின்புலத்தையோ கோப்பில் எழுத மறந்த நிரல்கள் இங்கே பிடிபடும். செயலிகளின் எண்ணிக்கையை மாற்றினால் கூட்டல் வரிசை மாறிக் கடைசி இலக்கங்கள் சிதறுவது இயல்பு. மூன்றாம் இலக்கம் சிதறினால் அது இயல்பல்ல.

கீழக்கரையான்

தம்பியின் கேள்வி நியாயமானது. அலை தேறிய பிறகு, தகட்டில் கட்டம் எவ்வளவு மின்தடைமையைத் திருட்டுத்தனமாகச் சேர்க்கிறது என்று அளக்க வேண்டும்.

பலரும் செய்வது இது: அழுத்தச் சமநிலையில் உள்ள ஒரு தகட்டை அசையாமல் நிறுத்தி, மின்தடைமையைச் சுழியாக்கி, அது எவ்வளவு அகலமாகிறது என்று பார்ப்பார்கள். கட்டங்களின் எல்லையில் பாய்வுகளைக் கணிக்கும் எச்எல்எல்டி போன்ற தீர்வியில் இந்தச் சோதனை ஏமாற்றும். கட்டக் கோட்டுக்கு இணையாக அசையாமல் நிற்கும் இத்தகைய தொடர்ச்சியின்மையைத் துளியும் கரைக்காமல் காப்பதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. சுழி மின்தடைமை என்று விடை வரும்; நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதே தகட்டைச் சாய்த்து வைத்து, முழுப் பெட்டிக்கும் ஒரு சீரான வேகத்தைக் கொடுத்துக் கட்டத்தின் குறுக்கே நகரவிட்டுப் பாருங்கள். உண்மைக் கணக்கு அப்போதுதான் வெளியே வரும். எண்முறை மின்தடைமை என்பது ஒற்றை எண் அல்ல. வேகம், சாய்வு, தகட்டின் தடிமனில் எத்தனை கட்டங்கள் அடங்குகின்றன என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். ஆகவே ஆய்வேட்டில் ஒரு வரியில் அதை முடித்துவிட வேண்டாம், வரைபடமாகவே கொடுங்கள்.

பிறகு ஹால் உறுப்பை அணைத்துவிட்டு ஸ்வீட்-பார்க்கர் சரிவை வரையுங்கள். லுண்ட்குவிஸ்ட் எண்ணை 10³-இலிருந்து 10⁴-க்கு ஏற்றினால் வேகம் ஏறத்தாழ 3.16 மடங்கு குறைய வேண்டும். 10⁴-இல் தகட்டின் தடிமன் நீளத்தில் நூறில் ஒரு பங்கு. அந்தத் தடிமனுக்குள் பத்துக் கட்டங்களாவது வேண்டும் என்றால், நீள அலகு ஒன்றுக்கு ஆயிரம் கட்டங்கள். குறுக்குத் திசையில் மட்டும் நெருக்கமான கட்டம் வைத்தால் மேசைக் கணினியிலேயே சமாளிக்கலாம்.

ஓர் இடத்தில் கோடு சரிவதை நிறுத்திப் படுத்துவிடும். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கட்டத்தின் மின்தடைமை நீங்கள் கொடுத்ததை மிஞ்சியிருக்கலாம். அல்லது 10⁴-ஐத் தாண்டியதும் தகடு நிலையிழந்து பிளாஸ்மாய்டுகள் என்னும் காந்தத் தீவுகளாக உடைந்திருக்கலாம். 2007-இல் லூரெய்ரோ குழுவினர் கோட்பாட்டில் காட்டிய இந்த நிலையின்மையில், வேகம் 0.01 அளவில் லுண்ட்குவிஸ்ட் எண்ணைப் பெரிதும் சாராமல் நிற்கும் என்று பின்வந்த சிமுலேஷன்கள் கண்டன. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கட்டத்தை இரு மடங்கு நுணுக்கிப் பாருங்கள்: படுக்கும் இடம் வலப்பக்கம் நகர்ந்தால் அது கட்டத்தின் குற்றம், நகராவிட்டால் இயற்பியல்.

நவபாஷாணம்

இதோடு நேரியல் வளர்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெம் அமைப்பு, தொடக்கத்திலேயே பெரிய குலைவைக் கொடுத்து நேரே நேரிலா நிலைக்குத் தாவிவிடும்படி திட்டமிடப்பட்டது. ஆகவே தகடு தீவுகளாகக் கிழியும் கிழிதல் நிலையின்மையின் தொடக்க வளர்ச்சியை அது சோதிப்பதே இல்லை. மிகச் சிறிய குலைவோடு தொடங்கி, வளர்ச்சி வீதம் லுண்ட்குவிஸ்ட் எண்ணின் −3/5 அடுக்கில் மாறுகிறதா என்று பாருங்கள். ஃபர்த், கில்லீன், ரோசன்புளூத் ஆகிய மூவரும் 1963-இல் தந்த முடிவு அது. எல்லா அலைநீளத்துக்கும் அந்த அடுக்கு பொருந்தாது. குலைவின் வடிவம் தகட்டின் உட்பகுதியில் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் எல்லைக்குள் நின்று ஒப்பிட வேண்டும்.

மண்டபம்_மாணவி

கீழக்கரை ஐயாவுக்கும் நவபாஷாணம் அக்காவுக்கும் நன்றி. சில ஓட்டங்கள் முடிந்துவிட்டன. சாய்ந்த ஆல்ஃபன் அலையில், சரிவு வரம்பியை அணைத்தால் பிழை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வரம்பியை வைத்துக்கொண்டால் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக மட்டுமே குறைகிறது. ஸ்வீட்-பார்க்கர் கோடு 10⁴-ஐ எட்டும் முன்பே படுத்துவிட்டது. கட்டத்தை நுணுக்கியதும் படுக்கும் இடம் வலப்பக்கம் நகர்ந்தது. ஐயா சொன்னபடி பார்த்தால் அது கட்டத்தின் கணக்கு. ஆனால் ஜெம் வளைவோ வரம்பியை மாற்றினாலும் கட்டத்தைப் பெரிதாக்கினாலும் அசையவே மாட்டேன் என்கிறது. முன்பு எனக்கு மகிழ்ச்சி தந்தது இப்போது சந்தேகம் தருகிறது.

ஏர்வாடி_படகு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சூரியப் புயல் வந்தால் படகில் உள்ள ஜிபிஎஸ் தடுமாறும் என்று சொல்கிறார்கள். எல்லைக் கோட்டுக்கு அருகில் வலை போடுகிற எங்களுக்கு அது சிறிய சங்கதி அல்ல. இந்த நிரல் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டால் எங்களுக்கு முன்னறிவிப்புச் சொல்லுமா?

கீழக்கரையான்

சொல்லாது, அண்ணன். புயலின் ஆற்றல் பூமியின் காந்த மண்டலத்துக்குள் நுழையும் வாசலில் நடப்பதுதான் மீளிணைப்பு. அங்கிருந்து உங்கள் ஜிபிஎஸ் வரை அயனி மண்டலம் என்ற தனி உலகம் இருக்கிறது. காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகில் செல்வதால் நம் தலைக்கு மேல் அதன் போக்கே வேறு. அதற்குத் தனி நிரலும் தனி அளவீடுகளும் வேண்டும். ஒரு பயனுக்காகத் தேறிய நிரலை வேறொரு பயனுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

கீழக்கரையான்

தங்கையின் ஆய்வுக்கும் இதே கேள்விதான். கணக்குச் சரியாக இருப்பது ஒன்று. அந்தச் சமன்பாடு இயற்கைக்குப் பொருந்துவது இன்னொன்று. இரண்டாவதற்கு அளவீட்டோடு ஒப்பிட வேண்டும்.

ஆய்வகத்தில் என்றால் பிரின்ஸ்டனில் 1995-இல் இயங்கத் தொடங்கிய எம்ஆர்எக்ஸ் என்னும் மீளிணைப்புச் சோதனைக் கருவி இருக்கிறது. ஹால் விளைவின் கையெழுத்தான நாற்பகுதிக் காந்தப் புலம், அதாவது தளத்துக்குச் செங்குத்தாக எழுந்து நான்கு மூலைகளிலும் குறி மாறி மாறி நிற்கும் புலம், அங்கே 2005-இல் நேரடியாக அளக்கப்பட்டது. வேகத்தை ஒப்பிடுவதைவிட இதன் அளவையும் அகலத்தையும் ஒப்பிடுவது பல மடங்கு கடினமான தேர்வு. ஆனால் அந்தக் கருவி வட்ட வளையச் சமச்சீர் கொண்டது. ஜெம் பெட்டியை அதோடு நேராக ஒப்பிடக் கூடாது, எல்லைகளையும் உருளை ஆயங்களையும் அந்தக் கருவிக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

விண்வெளியில், 2015 மார்ச்சில் ஏவப்பட்ட நாசாவின் எம்எம்எஸ் விண்கலங்கள் நான்கு. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று அவை காந்த மண்டலத்தின் சூரியப் பக்க எல்லையில் எலக்ட்ரான் சிதறல் பகுதிக்குள்ளேயே சென்று, எலக்ட்ரான்களின் பிறை வடிவத் திசைவேகப் பரவலைக் கண்டன. பாய்ம நிரலுக்குத் திசைவேகப் பரவல் என்ற ஒன்றே கிடையாது என்பதால் அந்தப் பிறையை ஒப்பிடும் உரிமை நமக்கு இல்லை. புலம், ஓட்டம், அடர்த்தி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலும் அந்த எல்லையில் இரு பக்க அடர்த்தியும் புலமும் சமமல்ல. ஜெம் போன்ற சமச்சீரான தகட்டுக்கு, 2017 ஜூலை 11 அன்று காந்த வாலில் அவை கடந்த நிகழ்வே பொருத்தம். விண்கலம் தருவது நேரத் தொடர். அதைத் தொலைவாக மாற்றுவதற்கு அந்த அமைப்பு எவ்வளவு வேகத்தில் கடந்து சென்றது என்ற மதிப்பீடு வேண்டும். அந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மையைப் படத்தில் பட்டையாகக் காட்டாமல், ஒற்றைக் கோட்டின் மேல் ஒற்றைக் கோட்டை வைத்துப் பொருத்தம் என்று எழுதினால், நான் தேர்வாளராக இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

மண்டபம்_மாணவி

ஒரே ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. காந்தப் புலத்தின் விரிதல் சுழியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சரிபார்க்க, அதைக் கட்ட இடைவெளியால் பெருக்கி, அந்தந்த இடத்துப் புலத்தின் அளவால் வகுத்து வரைகிறேன். புலக் கோடுகள் குறுக்கிட்டு மீளிணையும் எக்ஸ் புள்ளிக்கு அருகில் மட்டும் விண்ணை முட்டுகிறது. அங்கே உண்மையிலேயே பிழையா?

நவபாஷாணம்

எக்ஸ் புள்ளியில் தளத்துப் புலம் சுழியாகிறது. சுழியால் வகுத்தால் எதுவும் விண்ணை முட்டும். மாறாத வெளிப்புறப் புலத்தின் அளவால் வகுத்து வரையுங்கள். எவன்ஸும் ஹாலியும் 1988-இல் தந்த, விரிதலைத் தொடக்கத்திலிருந்தே மாறாமல் காக்கும் கட்டுப்பட்ட நகர்வு முறையைப் பயன்படுத்தியிருந்தால், அந்த எண் கணினியின் கடைசி இலக்க அளவிலேயே கடைசி வரை நிற்க வேண்டும். விரிதல் பிழையை அலையாகப் பரப்பிக் கரைக்கும் டெட்னர் முறையில் துடைப்பதாக இருந்தால் அது சுழியாகாது. கட்டத்தை நுணுக்கும்போது குறைகிறதா என்பதே அங்கே கேள்வி. உச்ச மதிப்பு எவ்வளவு என்பதோடு, பெட்டியில் அது எங்கே விழுகிறது என்பதையும் நேர வாரியாகக் குறித்து வையுங்கள். கடத்தும் சுவரை ஒட்டி விழுந்தால் எல்லை நிபந்தனையை எழுதிய பகுதியைத் திறந்து பாருங்கள். தகட்டின் நடுவில் விழுந்தால், புலத்தின் திசையில் எழும் போலி விசையைத் தனியாகக் கணக்கிட்டு, வெளியேறும் ஓட்டத்தை முடுக்கும் விசையோடு ஒப்பிட்டு இங்கே இடுங்கள். வரம்பியை வைத்தும் அணைத்தும், இரண்டு ஓட்டத்துக்கும்.